யார் ஓட்டியது என்று கேட்டு ஒரு கடிதம்

தோட்டத்துக்குக் கடிதம் வருவது அந்தக் காலத்தில் ஒரு விசேஷம். ஊரிலிருந்து நீலக் கடிதாசி வந்தால், அதைப் படித்துக் காட்ட ஆள் தேடி லயத்துக்கு லயம் போவார்கள். இப்போது ஆபீஸ் மேசையில் நம் பெயருக்கு வந்து கிடப்பதெல்லாம் பாங்குக் கடிதம், தண்ணீர் பில், கரண்ட் பில். அவற்றோடு கூட வந்து வயிற்றைக் கலக்குவது சம்மன் கடிதம்.

அதிலும் 'சமன் ஏக்கோர்' என்று மலாயில் சொல்வார்களே, அந்த வால் சம்மன் இருக்கிறதே, அது தனி ரகம். போலீஸ் கையைக் காட்டி நிறுத்துவதில்லை. நாம் பாட்டுக்குப் போய்விடுகிறோம். பின்னால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, பல நாள் கழித்து வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறார்கள். படத்தில் நம்பர் இருக்கும், முகம் இருக்காது. ஆகவேதான் அந்தக் கடிதம் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது: ஓட்டியது யார்?

பேராக்கில், தாப்பாவுக்கும் பீடோருக்கும் இடையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாம் போயிருந்தபோது, அப்படி ஒரு கடிதத்தைப் பார்க்க நேர்ந்தது. கடிதத்துக்குச் சொந்தக்காரர் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். முப்பது வருஷமாகக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய் வருகிறவர். நம்மை வீட்டுக்கு அழைத்து, கோப்பி கலக்கச் சொல்லிவிட்டு, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டு இரண்டு உறைகளை எடுத்தார். ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது. மற்றொன்று பிரிக்கப்படவே இல்லை.

"ஏண்ணே, இதைப் பிரிக்கலையா?" என்றோம்.

"முதல் கடுதாசியே போதும்னு வெச்சிட்டேன். ரெண்டாவதுல மட்டும் நல்ல சேதியா இருக்கப் போவுது?" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பெயரில் உள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று, கூட்டரசு சாலையில், 90 கிலோமீட்டர் வேக வரம்புள்ள இடத்தில், 113 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. நேரம் மாலை 7 மணி 12 நிமிஷம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி, அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று முதல் கடிதம் கேட்டிருந்தது. இரண்டாவது கடிதம் அதையே நினைவுபடுத்தியது. நாம் பிரித்துப் படித்த அன்றைக்கு அதன் கெடு முடிய இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி.

வண்டியை ஓட்டியது அவருடைய தங்கை மகன். தகப்பன் இல்லாத பையன். மாமன் வீட்டில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, இப்போது தாப்பா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இராத்திரி ஷிப்டு வேலைக்குப் போகிறான். தொழிற்சாலை பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் வேண்டும். அவனுக்குச் சம்பளச் சீட்டு இல்லாத சமயம் அது. ஆகவே மாமன் தன் சம்பளச் சீட்டைக் காட்டித் தன் பெயரில் தவணைக்கு எடுத்துக் கொடுத்தார். மாதா மாதம் பையன்தான் கட்டுகிறான். ஓட்டுவதும் அவன்தான். ஆனால், ஜே.பி.ஜே. பதிவில் இருப்பது மாமன் பெயர்.

நம் தோட்டங்களில் இது எத்தனை வீட்டில் இல்லை! அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டுகிறான். அண்ணன் பெயரில் உள்ளதைத் தம்பி ஓட்டுகிறான். செத்துப்போன தாத்தா பெயரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அண்ணனிடம் ஒரு யோசனை இருந்தது. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பையன் லைசென்ஸ் எடுத்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகலீங்க. 'பி' ஸ்டிக்கரு இன்னும் வண்டியிலதான் இருக்கு. அவன் பேரைக் குடுத்து ஏதாச்சும் ஆயிட்டா வேலைக்குப் போக முடியாது. பேசாம நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்திடலாம்னு பாக்கறேன். வயசானவன், எனக்கென்ன?"

அடுப்படியிலிருந்து தங்கையும் எட்டிப் பார்த்தார். "ஆமாண்ணே, அவன் பேரை மட்டும் எழுதிடாதீங்க" என்று அண்ணனிடம் சொன்னாரா, நம்மிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

பாசத்தில் சொன்ன வார்த்தை. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டோம்: "அண்ணே, அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?"

யோசித்தார். பிறகு எழுந்து போய், லாரிச் சீட்டுகள் வைக்கும் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். அன்றைய தேதிச் சீட்டு கிடைத்தது. மில்லில் டிம்பாங் போட்ட சீட்டு. லாரி உள்ளே போனது 7 மணி 5 நிமிஷம். காலி லாரி வெளியே வந்தது 7 மணி 31 நிமிஷம். கீழே அவருடைய கையெழுத்து. இதைப் போல ஒரு சீட்டு மில்லிலும் இருக்கிறது, முதலாளியிடமும் இருக்கிறது.

ஒரே மனிதன் 7 மணி 12 நிமிஷத்தில் மில்லில் லாரிக்குள்ளும் இருந்து, பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள் மேலேயும் இருக்க முடியுமா? சீட்டைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சற்று விளக்கிச் சொல்வது நல்லது. வேகமாக ஓட்டியது ஒரு குற்றம். அது 40-ஆவது பிரிவு. ஓட்டியது யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது வேறொரு குற்றம். அது 115-ஆவது பிரிவு. முதல் குற்றம் வண்டியை ஓட்டியவனைச் சேர்ந்தது. இரண்டாவது, பதிவில் பெயர் உள்ளவரைச் சேர்ந்தது. பையன் செய்தது முதல் குற்றம். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததால் மாமன் இரண்டாவது குற்றத்துக்கு வாசலைத் திறந்து வைத்தார். பாருங்கள், வண்டியைத் தொடாத மனிதர் தன் கையாலேயே தனக்கு ஒரு வழக்கைத் தேடிக்கொள்கிறார்!

உண்மையிலேயே யார் ஓட்டியது என்று தெரியாவிட்டால்? சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாது, நியாயமான முயற்சி எடுத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொந்தக்காரர் கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்படும்படி காட்டினால் தப்பலாம். ஆனால் காட்ட வேண்டியது அவர்தான். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை, வீட்டில் மூன்றே பேர் இருக்கும்போது, யார் எடுத்தது என்று தெரியாது என்றால் மாஜிஸ்திரேட் நம்புவாரா?

பொய்யான விவரம் கொடுப்பதும் குற்றம்தான். நம் அண்ணனைப் போன்றவர்களுக்கு அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 ஏப்ரலில் புதுப்பித்துக் கொண்டுவந்த 'கெஜாரா' முறையில், சில போக்குவரத்துக் குற்றங்களுக்கு லைசென்ஸில் குற்றப் புள்ளிகள் விழும். வேக வரம்பை மீறுவதும் அதில் சேர்ந்ததே. புள்ளி ஏறிக்கொண்டே போனால் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள். இந்தப் புள்ளி ஆளின் கணக்கில் ஏறுவது, வண்டியின் கணக்கில் அல்ல. மோட்டார் சைக்கிளுக்காக வாங்கிய பழி, லாரி ஓட்டும் லைசென்ஸையும் தொடும். ஜி.டி.எல். லைசென்ஸை வைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. "வயசானவன், எனக்கென்ன?" என்றாரே, அவருக்குத்தான் எல்லாம்!

அன்று மாலையே உட்கார்ந்து பதிலை எழுதினோம். கடிதத்தோடு வந்த பாரத்தில் கேட்டபடி பையனின் முழுப் பெயர், ஐ.சி. நம்பர், லைசென்ஸ் நம்பர், வீட்டு முகவரி. நோட்டீஸ் நம்பரையும் வண்டி நம்பரையும் தேதி, நேரத்தையும் அப்படியே பார்த்து எழுதினோம். அண்ணன் அந்த நேரத்தில் மில்லில் இருந்ததைச் சொல்லி, டிம்பாங் சீட்டின் நகலை இணைத்தோம். கதை எழுதவில்லை. பையன் நல்லவன், தகப்பன் இல்லாதவன் என்றெல்லாம் அதில் எழுதுவது வீண். அது கேட்கப்படாத கேள்வி. எல்லாவற்றிலும் முக்கியம், இரண்டு பிரதி எடுத்தது. மறுநாள் காலையில் நோட்டீஸ் அனுப்பிய ஆபீசிலேயே நேரில் கொடுத்து, நம் பிரதியில் தேதியோடு சாப்பு வாங்கிக்கொண்டார். போலீஸ் அனுப்பிய கடிதத்தை ஜே.பி.ஜே.யிலும், ஜே.பி.ஜே. அனுப்பியதைப் போலீஸிலும் கொடுத்துவிட்டு, 'குடுத்தாச்சே' என்று இருப்பவர்கள் உண்டு. உறையின் மேலேயே எந்த இலாகா என்று இருக்கும். அதைப் பாருங்கள்.

படத்தையும் பார்க்கக் கேளுங்கள். நம்பரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். உங்களுடையது சிவப்பு வண்டி, படத்தில் இருப்பது நீல வண்டியாக இருக்கலாம். நம் நம்பரைப் போல் போலி பிளேட் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்து, அதன் நகலைப் பதிலோடு இணைக்க வேண்டும். படத்தைப் பார்க்காமலேயே "சரி, கட்டித் தொலைப்போம்" என்று கட்டிவிட்டால் பிறகு பேச இடமில்லை.

ஒரு சங்கடமான கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. ஓட்டிய பிள்ளைக்கு லைசென்ஸே இல்லை என்றால்? அப்போது அவன் பெயரைக் கொடுப்பது நம் தலையிலும் விழும். லைசென்ஸ் இல்லாதவனை ஓட்ட அனுமதிப்பது 26-ஆவது பிரிவின்படி சொந்தக்காரர் செய்த குற்றம். இதற்காகப் பொய் சொல்லுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். 'சும்மா எழுதிக் கொடுங்க, ஒன்னும் ஆவாது' என்றும் சொல்ல மாட்டோம். கடிதம் கைக்கு வந்த அன்றே, கெடுவுக்குள், ஒரு வழக்கறிஞரையோ அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ போய்ப் பாருங்கள். காது குத்துக்கும் சடங்குக்கும் ஒரு நாள் லீவு போடுகிறோம் அல்லவா? இதற்கும் ஒரு நாள் போடலாம். பதினாலு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, "ஓடிப் போய் ஒரு ரொட்டி வாங்கிட்டு வாடா" என்று அனுப்பும் பெரியவர்கள் இதைப் படித்தால், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது விற்றுப்போட்ட வண்டி. கோப்பிக் கடையில் பேசி, காசை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் முடியவில்லை. வண்டி கைமாறினால் 7 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு. பெயர் மாற்றாமல் விட்டால், முகம் தெரியாத ஒருவன் ஜொகூரில் பறப்பதற்குக் கடிதம் இங்கே வரும். வாங்கியவன் பெயர், ஐ.சி. நம்பர், கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வைத்திருந்தால் பதில் எழுதலாம். 'குட்டையா ஒருத்தன், மீசை வெச்சிருப்பான்' என்று இலாகாவுக்கு எழுத முடியுமா?

முகவரி விஷயம் இன்னும் மோசம். தோட்டங்களை விற்று, லயங்களை இடித்து, வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவிட்டன. நம் ஜனங்கள் பட்டணத்து ஓரங்களில் அடுக்குமாடிகளுக்குக் குடி போய்விட்டார்கள். ஆனால் ஜே.பி.ஜே. பதிவில் இன்னும் பழைய தோட்டத்தின் பெயர்தான். இல்லாத லயத்துக்குக் கடிதம் போகிறது. வாங்க ஆள் இல்லை. ஒரு நாள் ரோட் டெக்ஸ் புதுப்பிக்கப் போகும்போது, "ஐயா, உங்களைப் பிளாக்லிஸ்ட் செய்திருக்கிறது" என்று கவுண்டரில் சொல்கிறார்கள். அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. வீடு மாறியவர்கள் இந்த ஒரு காரியத்தை முதலில் செய்யுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் மைஜேபிஜே, மைபாயார் பி.டி.ஆர்.எம். என்ற செயலிகள் இருக்கின்றன. ஐ.சி. நம்பரைப் போட்டு நம் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கச் சொல்லலாம். நாடகம் பார்க்கிற கைப்பேசிதானே!

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இலாகா கொடுக்கும் கம்பவுண்டைக் கட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடியும். அது 300 வெள்ளிக்கு மேல் போகாது. கட்டாமல் கோர்ட்டுக்குப் போய்க் குற்றவாளி என்று தீர்ப்பானால், வேகக் குற்றத்துக்கு அபராதமே 300 வெள்ளியில்தான் ஆரம்பிக்கிறது. 2,000 வெள்ளி வரை போகலாம். 2026 ஜனவரி 1 முதல் போலீஸுக்கும் ஜே.பி.ஜே.க்கும் ஒரே மாதிரியான கழிவு முறை வந்திருக்கிறது. முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி கழிவு. அதன் பிறகு 30-ஆவது நாள் வரை 33 விழுக்காடு கழிவு. பிறகு 60-ஆவது நாள் வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் கோர்ட்.

"எப்படியும் ஒரு நாள் தள்ளுபடி பண்ணுவாங்க" என்று காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2012-இல் ஆரம்பித்த ஏ.இ.எஸ். கேமராக்கள் அனுப்பிய சம்மன்களில், கட்டாமல் குவிந்து கிடந்தவற்றை 2018-இல் அரசாங்கம் ரத்துச் செய்தது. ஒழுங்காகக் கட்டியவர்கள் வாயில் விரலை வைத்தார்கள். ஆனால் அந்த ரத்து கேமரா சம்மனுக்கு மட்டும்தான். போலீஸ் சம்மனும் அதில் சேர்ந்தது என்று நினைத்து ஏமாந்தவர்களை நாம் அறிவோம்.

கோர்ட்டிலிருந்தே சம்மன் வந்துவிட்டால் அது வேறு காகிதம். நோட்டீஸையும் நாம் சம்மன் என்கிறோம், கோர்ட்டுக் காகிதத்தையும் சம்மன் என்கிறோம். அதனால் வரும் குழப்பம் இது. கோர்ட்டுக் காகிதத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பெயரும், நீங்கள் நேரில் வர வேண்டிய நாளும் இருக்கும். போகாவிட்டால் கைது வாரண்ட் வரலாம். போனால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா என்று மலாயில் கேட்பார்கள். மலாய் சரியாகப் புரியாத பெரியவர்கள் பயத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழ் ஜுருபாசா வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் ஓட்டவில்லை என்றால், விசாரணை கேளுங்கள். அளந்த வேகம் சரி என்று காட்ட வேண்டியதும் அரசுத் தரப்பின் வேலை. உண்மையில் செய்திருந்தால் ஒப்புக்கொண்டு, சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், இதுதான் முதல் தடவை என்று சொல்லி அபராதத்தைக் குறைக்கக் கேட்கலாம். உடனே கட்ட முடியாவிட்டால் தவணையும் கேட்கலாம். கொடுப்பது மாஜிஸ்திரேட் மனசைப் பொறுத்தது.

நம் அண்ணன் வீட்டுக் கதைக்கு வருவோம். பதில் கொடுத்த அன்று இரவு பையனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். "என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தபடி எழுந்து போய்விட்டானாம். இரண்டு வாரம் மாமனோடு பேச்சு இல்லை. தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் லாரியை எடுக்கவே கை வரவில்லை என்று அண்ணன் நம்மிடம் பிறகு சொன்னார்.

பையன் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. கம்பவுண்ட். தன் சம்பளத்திலிருந்து அவனே கட்டினான். லைசென்ஸ் போகவில்லை, வேலையும் போகவில்லை. ரசீதைக் கொண்டுவந்து மாமனிடம் கொடுத்தபோது, "ஏழரை மணிக்குள்ள கார்ட் அடிக்கலைன்னா அன்னிக்கு அலவன்ஸ வெட்டிடுவாங்க மாமா, அதான் அப்படி ஓட்டினேன்" என்றானாம். அதுவரை ஏன் அவ்வளவு வேகம் என்று அந்த வீட்டில் யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

இப்போது அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புகிறான். தவணை முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை பாங்கின் பிடி இருப்பதால் பெயர் மாற்ற முடியாது. முடிந்த மறுநாளே இரண்டு பேரும் ஜே.பி.ஜே.க்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். ரசீதும், சாப்பு வைத்த பிரதியும் அந்தப் பிஸ்கட் டின்னில் டிம்பாங் சீட்டுகளோடு இருக்கின்றன. சாமி படத்துக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. நாம் கையை விட்டே பார்த்தோம்.